உலர்நிலப் பயிற்சியின் தந்தைக்கு ஒரு நன்றிக் கடிதம்

மாண்புமிகு நீச்சல் குள நிர்வாகி அவர்களுக்கு,

திண்டிவனத்திலிருந்து ஒரு நீச்சல் வீராங்கனையின் தாய் எழுதுவது. தங்கள் பெயரையோ குளத்தின் பெயரையோ குறிப்பிடவில்லை. தங்களுக்குத் தன்னடக்கம் அதிகம். அலுவலக நேரத்தில் யார் கண்ணிலும் படாமல் இருப்பதிலேயே தெரிகிறது.

நேற்று விடியுமுன் முதல் பேருந்தைப் பிடித்து, விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொன்று மாறி, தங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். கதவில் ஒரு தாள்: 'பராமரிப்புப் பணி காரணமாகக் குளம் மூடப்பட்டுள்ளது.' எதுவரை என்று இல்லை. உள்ளே யாரோ குதிக்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. "சார் வீட்டு விருந்தாளிங்கம்மா. சின்னப் பசங்க, ரப்பர் வாத்தோட வந்திருக்காங்க" என்று காவலாளி உண்மையைச் சொல்லிவிட்டார். பிறகு, நீச்சலுடைக்கு மேல் பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற என் மகளைப் பார்த்து, "ஏம் பாப்பா, உங்க ஊர்ல ஏரியே இல்லியா?" என்றார்.

திரும்பி வருகிற பேருந்தில்தான் எனக்கு உறைத்தது. தாங்கள் பூட்டியதே ஒரு பயிற்சி, தண்ணீரில் இறங்காமல் செய்கிற உலர்நிலப் பயிற்சி. தாங்கள் வெறும் நிர்வாகியா, கோச் ஆயிற்றே! பேருந்தில் இடமில்லாமல் நிற்பது காலுக்கு. கம்பியைப் பிடித்துத் தொங்குவது தோளுக்கு. 200 மீட்டர் பட்டர்ஃபிளை அடிக்கிறவளுக்குத் தோள்தானே எல்லாம். போன மாதம் குளோரினைக் கணக்கில்லாமல் கொட்டியிருந்தீர்களே, அது மூச்சடக்கும் பயிற்சி. அதற்கு முன்பு பாசி படிந்து பச்சையாகக் கிடந்தது, கண் தெரியாமல் நேராக நீந்தும் பயிற்சி. பெண்கள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லாதது மட்டும் எந்தத் தசைக்கு என்று இன்னும் பிடிபடவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன், கோச் சார்.

அவளும் தன் பங்குக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். குளோரினில் ஊறி முடி செம்பட்டையாகி, பின்னினால் உடைகிறது. பூ வைத்து நாளாயிற்று. பங்குனி உத்திரத்துக்கு வீடே மயிலம் போனபோது இவள் தூங்கினாள். மறுநாள் முதல் பேருந்து இருக்கிறதே. "பொண்ணு இப்படிக் கறுத்துப் போறாளே" என்று நாத்தனார். "பத்தாவது வருது, எப்ப நிறுத்தப் போறீங்க?" என்று பள்ளிக்கூடத்தில். போட்டிக்கான நீச்சலுடைக்காக என் தோடு அடகுக் கடைக்குப் போய் வந்தது. போட்டி நெருங்கினால் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து உடம்பைத் தேற்றுவார்கள், டேப்பர் என்பார்கள். தாங்கள் ஒரே நாளில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். ஆஸ்திரேலியாக்காரனுக்குக்கூடத் தோன்றாத டேப்பர், கோச் சார்.

பக்கத்து நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் தங்களிடம் வராமலே போய்விட்டார். அம்மா ஓட்டப்பந்தய வீராங்கனை, பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை. பிள்ளை 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். கேட்டது 1 நிமிடம் 56.48. மிஞ்சியது பத்தில் ஒரு விநாடி! தங்கள் காவலாளி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுப்பதற்குள் அப்படி எத்தனை போகும்! குற்றாலீஸ்வரனும் தப்பித்தார். 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்து, அதே 1994இல் மொத்தம் ஆறு நீரிணைகளை நீந்தி முடித்தார். கடலுக்குப் பராமரிப்புப் பணி கிடையாதே.

ஏரி இல்லையா என்று தங்கள் காவலாளி கேட்டாரே. இருக்கிறது. கிடங்கல் ஏரி இருக்கிறது, வீடூர் அணை இருக்கிறது, குவாரிக்காரர்கள் வெட்டியெடுத்துவிட்டு அப்படியே போட்டுப்போன பள்ளங்கள் இருக்கின்றன. எதற்கும் கதவில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நீச்சல் தெரியாத பிள்ளைகள் அவற்றில் இறங்கிச் சாகிறார்கள். பெற்றவள் கரையில் மாரடித்துக்கொண்டு கிடப்பாள், பேப்பரில் நான்கு வரி வரும். ஊரார் வரிப்பணத்தில் கட்டிய குளத்தை உங்கள் வீட்டு வாத்துக்கு ஒதுக்க யாரய்யா உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது? ஒரு குழந்தை ஒற்றை லேன் கேட்டு வாசலில் நிற்கிறது. ஏரிக்குப் போ என்கிறீர்கள். வெட்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும். நுரையீரல் பயிற்சி சற்று அதிகமாகிவிட்டது.

தங்கள் கண்டிப்பு வானத்துக்குக்கூட வராது. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. ஒலிம்பிக் குளத்துக்குக் குறைந்தது 2.5 மீட்டர் ஆழம் வேண்டுமாம். அதில் ஐந்தில் ஒரு பங்கை மழை விண்ணப்பம்கூடக் கேட்காமல் தந்துவிட்டது. திண்டிவனத்தில் தெருவெல்லாம் வெள்ளம். அந்த வாரமும் தாங்கள் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் தாள் ஒட்டியிருந்தது: 'தண்ணீர்ப் பற்றாக்குறை.'

அடுத்த மாதம் மாநிலப் போட்டி, வேளச்சேரியில், 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வளாகத்தில். அங்கே குளத்தில் தண்ணீர் இருக்கும் என்கிறார்கள். தங்களிடம் பழகியவளுக்கு அது அதிர்ச்சியாக இருக்கலாம். அதுவரை காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஓர் ஓர லேனைத் திறந்துவிட்டால், கொஞ்சம் நனைந்து பழகிக்கொள்வாள். வாத்துகளுக்கு இடைஞ்சல் இருக்காது. திரும்பும்போது நீருக்கடியிலேயே திரும்புவாள்.

இப்படிக்கு,
வாசல் வரை அனுமதிக்கப்பட்ட ஒரு தாய்

பி.கு.: இந்த மாதக் கட்டணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. திருப்பிக் கேட்கவில்லை. பேருந்துப் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் தெரிவிக்கவும். சம்பளம் வந்ததும் கட்டுகிறேன், கோச் சார்.