கொசு அடித்தாலும் துபாய்க்குத் தெரியும்

நான் சிறுவனாக இருந்த காலத்தில், திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை டிகிரி என்று யாரும் கேட்டதில்லை. அம்மா புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பாள். ‘கொதிக்குது’, ‘லேசா இருக்கு’ என்று இரண்டே அளவுகள். கொதித்தால் வைத்தியர் வருவார். ஆண்பிள்ளைக்கு வலக்கை, பெண்பிள்ளைக்கு இடக்கை. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால் என்ற கணக்கு அவர் விரல்நுனியில் ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்து போகும்போது, “புளி ஆகாது” என்பார். எல்லா நோய்க்கும் புளிதான் காரணமா என்று கேட்கிற தைரியம் எங்கள் தெருவில் யாருக்கும் இருந்ததில்லை.

இப்போது என் மணிக்கட்டில் இருப்பது ஒரு கடிகாரம். துபாயில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது கட்டிவிட்டுப் போனது. அதன் அடிப்பக்கத்திலிருந்து தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்கிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சையை விழுங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வருகிற வெளிச்சம் குறைந்து கூடும். அதை எண்ணி நாடி சொல்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை, மூன்று விரலும் வேண்டாம். வைத்தியரைப் போல இது கண்ணை மூடுவதில்லை, அதுதான் தொல்லை. இது பார்ப்பதெல்லாம் துபாயில் மகனுக்கும் தெரிந்துவிடுகிறது.

“அப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஹார்ட் ரேட் நூத்திப் பத்து போயிருக்கே, என்ன ஆச்சு?”

“கொசு அடிச்சேன் மக்கா.”

“பத்து நிமிஷமாவா?”

“கொசு ஒண்ணுதான். ஆனா கெட்டிக்காரக் கொசு.”

தூங்கியதற்கும் காலையில் மார்க் வருகிறது. எழுபது வயதில் உறக்கத்தில் பாஸாக வேண்டியிருக்கிறது.

வைத்தியர் விரலுக்கும் இந்தக் கடிகாரத்துக்கும் நடுவே ஒரு ஹோல்டர் காலம் உண்டு. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர் என்பவர் நடமாடிக்கொண்டே இதயத் துடிப்பைப் பதிய ஒரு கருவி செய்தார். முதுகில் சுமக்க வேண்டிய அதன் எடை சுமார் 38 கிலோ. அதைச் சுமக்கும் ஆளுக்கு இதயம் நன்றாக இருக்கிறது என்று சோதிக்காமலே சொல்லிவிடலாம். அது சுருங்கிச் சுருங்கி இடுப்பில் தொங்கும் டப்பாவாக என்னிடம் வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். நர்ஸ் சேச்சி நெஞ்சைச் சவரம் செய்து, வட்ட வட்டமாக ஒட்டி, வயர்களை மாட்டிவிட்டு, “நாளைக்கு இதே நேரம் வரைக்கும் குளிக்கக்கூடாது, கேட்டோ” என்றார். திருவனந்தபுரத்துக்காரனிடம் சாப்பிடாதே என்று சொல்லலாம். குளிக்காதே என்பது ஊர்விலக்குக்குச் சமம். போதாததற்குப் பல வருஷத் தேங்காயெண்ணெய் ஊறிய தோல். ஸ்பிரிட் பஞ்சால் எவ்வளவு துடைத்தும், மத்தியானப் புழுக்கத்தில் ஒட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கின. இன்றைய ஒட்டுப்பட்டைகளில் வயரே கிடையாது. இரண்டு வாரம் வரை நெஞ்சில் இருக்கும், மேல் கழுவிக்கொள்ளலாம். இந்த ஊருக்கென்றே கண்டுபிடித்ததோ என்று தோன்றுகிறது.

ஊசியில்லாமல் இதயத்தைக் கேட்பது எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்தின் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் இருக்கிறது. அங்கே டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வில் முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது மாதிரி 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு அதைத் தயாரித்து விற்றது நம் சென்னை டிடிகே நிறுவனம். எங்கள் தெரு மாமா ஒருவருக்கு அந்த வால்வு. மூடித் திறக்கும்போது செயற்கை வால்வுக்கு மெல்லிய ‘டிக்’ சத்தம் உண்டு; இரவில் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். மாமி சொல்வார்: “அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உறக்கம் வரும். கேக்கலைன்னா முழிச்சிருவேன்.” சார்ஜ் போட வேண்டாத கருவி மாமிதான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாமா சாப்பிட்ட மாத்திரையின் அளவு சரிதானா என்று பார்க்க, கையை நீட்டி ரத்தம் கொடுத்தே ஆகவேண்டும். அந்தக் கணக்கை எந்தக் கைக்கடிகாரமும் இன்றுவரை சொல்வதில்லை.

கொரோனா வந்ததும் தெருவே விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் கிளிப்புக்கு மாறியது. சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளியைப் பாய்ச்சி, நாடித் துடிப்பை வைத்து ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணக்கிடும் வழியை 1974இல் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி. 2021 மே மாதம் அந்தக் கிளிப்புக்கு அடிபிடி ஆகி, கேரள அரசு 1,500 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. காலையில் ‘சுகமா?’ என்று கேட்டவர்கள் ‘எத்தனை?’ என்று கேட்டார்கள். ‘தொண்ணூத்தேழு’ என்றவன் அன்றைக்கு நிலப்பிரபு. அதற்குச் சில மாதம் முன்புதான், கறுத்த தோலில் இந்தக் கருவி ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டிவிடுகிறது என்று அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வு வந்திருந்தது. நம் பக்கத்துத் தோல் என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. நாடி தாறுமாறாக ஓடுவதை அது சரியாகவே காட்டிக்கொடுத்து, பலரை டாக்டரிடம் அனுப்பியிருக்கிறது. ஆனால் கையில் கட்டும் கடிகாரம் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. இ.சி.ஜி. எடுக்கும் கடிகாரத்தை விற்கும் ஆப்பிள் கம்பெனியே அப்படித்தான் சொல்கிறது. நெஞ்சு வலித்தால் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆட்டோ பிடியுங்கள். அப்புறம், குத்தாமலே சர்க்கரை அளவு சொல்லும் மோதிரம், கடிகாரம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. சர்க்கரைக்கு இன்னும் தோலைக் குத்தித்தான் பார்க்க வேண்டும், குத்திப் பாருங்கள்.