ஓடு உடைந்தால் உங்களுக்கு, கால் உடைந்தால் எனக்கு

திருச்செந்தூரில் மரம் பிளக்கும் தொழிலுக்கு முன்னோடி முருகன்தான். ஐப்பசி சஷ்டியன்று லட்சக்கணக்கானோர் கடற்கரையில் கூடிப் பார்ப்பது அந்த வேலையைத்தான். மாமரமாகி நின்ற சூரபத்மனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயிலாகி வாகனமாகிறது, மறு பாதி சேவலாகிக் கொடியேறுகிறது. பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அந்த நேரத்தில் ஊரின் மரவெட்டுக்காரர்கள் லேசாகப் பெருமூச்சு விட்டால் தப்பு சொல்ல முடியாது. செத்தை செதும்பு ஒன்று மிச்சமில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் கீறல் இல்லை. 'கட்டையை யார் அள்ளிப் போடுறது?' என்று கேட்க ஒருவரும் வரவில்லை.

மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆறுமுகநேரியிலிருந்து உடன்குடி வரை, குலசேகரப்பட்டினத்திலிருந்து குரும்பூர் வரை, மரத்தை நம்பிப் பிழைக்கும் இவர்கள் எல்லோரும் ஒத்தை ஆள் கம்பெனிகள். தேங்காய் பறிப்பவர், வேம்பு கழிப்பவர், புயலில் சாய்ந்த முருங்கையை அறுப்பவர், பனை சீவுபவர் என்று வகை உண்டு. போர்டு கிடையாது, ரசீது கிடையாது. ஓர் அரிவாள், வடக்கயிறு, வசதி இருந்தால் மிஷின் வாள், பின் சீட்டில் இவற்றையெல்லாம் கட்டிக்கொண்டு வர ஒரு பழைய டூவீலர். அவ்வளவுதான் முதலீடு. மீதி முதலீடு உடம்பு.

வேலைக்குக் கூப்பிட்டதும் முதலில் நடப்பது மரம் பார்க்கும் சடங்கு. வந்தவர் மரத்தை ஒரு சுற்று சுற்றுவார். தூரைக் காலால் தட்டுவார். அண்ணாந்து பார்த்து நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டுவார். வீட்டுக்காரருக்கு அந்த 'ச்சு'விலேயே ஐந்நூறு ரூபாய் ஏறிவிட்டது போலத் தோன்றும். அதன் பிறகு அவர் பார்வை மரத்தை விட்டு வீட்டுப் பக்கம் திரும்பும். வாசலில் கார் நிற்கிறதா, மாடியில் ஏசி இருக்கிறதா, வெளிநாட்டுப் பணம் வரும் வீடா என்று பார்த்துக்கொள்வார். மரத்தின் உயரத்தை வீட்டை வைத்து அளக்கும் கணக்கு அது.

அடுத்து வருவதுதான் ஒப்பந்தம். தாளில் எழுதும் ஒப்பந்தம் இல்லை. நக்கலாக, வாயால் போடுவது.

"ஓடு ஒடஞ்சா ஒங்களுக்கு, கால் ஒடஞ்சா எனக்கு. சரியா அண்ணாச்சி?"

வீட்டுக்காரர் சிரிப்பார். ஆச்சி உள்ளேயிருந்து, "காலைலயே என்ன பேச்சு பேசுறான் பாரு" என்பார். ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு வக்கீல் நாலு பக்கத்துக்கு எழுதக்கூடிய பொறுப்புத் துறப்பு முழுவதும் அடங்கிவிட்டது. சிரித்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். பிறகு மட்டை விழுந்து ஓடு நொறுங்கினால், "அப்பவே சொன்னேம்லா, நீங்களும் சிரிச்சியளே" என்று ஒப்பந்தத்தை நினைவூட்டுவார். "மேல நிக்கது என் பாடு, கீழ நிக்கது ஒங்க பாடு" என்பது அடுத்த ஷரத்து. மரத்தடியில் கைகட்டி நின்று யோசனை சொல்லும் பெரியவர்களை விலக்குவதற்கு உள்ளது இது. "சேலையக் காயப் போட்ருக்கியளே, மரத்துக்குக் கட்டவா யக்கா?" என்பது கொடிக்கயிற்றைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்.

இந்தத் தொழிலில் அதிகம் சிரிக்க வைப்பவர்தான் அதிகம் பயந்தவர் என்று தோன்றுகிறது. ஏறத் தொடங்கியபின் ஒருவரும் ஜோக் அடிப்பதில்லை.

கீழே கயிறு பிடிப்பவர் யார் என்பது இன்னொரு முக்கிய விஷயம். பெரிய கிளையைக் கட்டி இறக்கும்போது, கயிறு பிடிக்கும் ஆள் தும்மினால்கூட மேலே நிற்பவரின் கணக்கு மாறிவிடும். இந்தக் கரையில் முத்துக்குளித்த காலத்திலும் இதே கவலை இருந்திருக்கிறது. கடலுக்கடியில் மூச்சடக்கி இருப்பவனின் கயிற்றைப் படகில் பிடித்திருக்க மைத்துனனைத்தான் அழைத்துப் போவார்கள் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். கயிறு நழுவினால் போவது தன் அக்கா தங்கையின் தாலி. எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் இவ்வளவு கெட்டியான பாலிசி போட்டதில்லை. இன்றும் மரம் வெட்டும் ஜோடிகளில் பாதி மச்சான்–மாப்பிள்ளையாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். திட்டிக்கொண்டே வேலை செய்யும் உரிமையும் அந்த உறவில்தான் உண்டு.

பிரீமியம் கட்டும் பழக்கமும் இங்கே புதிதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பவர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டிப்போடும் மந்திரவாதிகளுக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். ஐந்து சதவீத பிரீமியம். சுறா கடித்தால் நஷ்டஈடு எவ்வளவு என்று அவர் எழுதவில்லை. கடிபட்டவன் வந்து கேட்கவா போகிறான்?

கடலை விட்டுத் தேரிக்கு வருவோம். செம்மணல் மேடும் பனையும் சேர்ந்த அந்த நிலத்தில் பனையேறியின் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். ஒருவர் முப்பது மரம் ஏறுகிறார், மரம் ஐம்பது அடி என்று சுமாராக வைத்துக்கொள்வோம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஆக மூவாயிரம் அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். டெல்லி குதுப்மினார் சுமார் 240 அடி. தினம் பன்னிரண்டு குதுப்மினார் ஏறி இறங்கி, ஒவ்வொன்றின் உச்சியிலும் பாளை சீவிவிட்டு வருகிறார் மனிதர். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைக்கயிறு, நெஞ்சு உரசாமல் இருக்க ஒரு தோல். பாதுகாப்புக் கவசம் மொத்தமும் இதுதான்.

இவருடைய பொறுப்பு விழுவதோடு முடிவதில்லை. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை. பதநீர் இறக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு மட்டுமே. சுண்ணாம்பு இருந்தால் உடன்குடிக் கருப்பட்டிக்கான மூலப்பொருள். குறைந்தால், வெயில் ஏற ஏறக் குற்றப்பொருள். காலையில் புவிசார் குறியீட்டுப் பெருமை, மதியம் மதுவிலக்குச் சட்டம். அந்தக் கருப்பட்டிக்கு 2023-ல் குறியீடு கிடைத்தது. சுண்ணாம்புக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான் இதே வட்டாரத்துப் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கித் தடையை எதிர்த்தார், நாடே பார்த்தது. பருவம் முழுக்க தினமும் ஏறுபவரைப் படம் பிடிக்கக் கேமரா வருவதில்லை. வந்தாலும் அவருக்குத் திரும்பிப் பார்க்கக் கை ஒழியாது.

சட்டத்துக்கு மரத்தின் மேல் அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பனை 1978 முதல் மாநில மரம். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். பனைக்கு ஆட்சியர் வரை ஆள் இருக்கிறது. விழுந்துவிடும்போல் நிற்கும் மரத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அக்கம்பக்கத்தார் மேலோ வழிப்போக்கர் மேலோ விழக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. திங்கட்கிழமை குறைதீர் நாள் மனுக்களில் அண்டை வீட்டுத் தென்னை ஒன்று எதிர்மனுதாரராகச் சாய்ந்து நிற்பதற்கு இதுதான் வழி.

அண்டை வீட்டுக் கிளை நம் பக்கம் நீண்டால் வெட்டலாமா என்பது உலகப் பொதுச் சண்டை. இங்கிலாந்தில் லெமன் என்பவரின் பழைய மரங்களின் கிளைகளை, முன்னறிவிப்பு இல்லாமல் பக்கத்து நிலத்துக்காரர் வெப் வெட்டினார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காமல், தன் எல்லைக்குள் நீண்டதை மட்டும் வெட்டினால் தப்பில்லை என்று 1894-ல் தீர்ப்பானது. 1919-ல் இன்னொரு வழக்கு. எல்லை தாண்டிய கிளையின் ஆப்பிளைப் பறித்து விற்றவர், அதன் விலையை மரத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. கிளையை வெட்டலாம், காயைத் தொடக்கூடாது. நம் ஊரில் இது தலைகீழ். எல்லை தாண்டிய முருங்கைக் காயை உரிமையோடு பறித்துக் குழம்பு வைத்துவிட்டு, கிளையால் குப்பை விழுகிறது என்று அதே வாயால் சண்டைக்குப் போவோம். நடுவில் மாட்டிக்கொள்பவர் அரிவாளோடு மரத்தில் இருப்பவர். மேலேயிருந்து பார்க்கும்போது இரண்டு வீட்டிலும் நியாயம் இருப்பது போலவே தெரியுமாம். கூலி தரப்போவது எந்த வீடு என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்.

தேங்காயின் விவகாரம் தனி. பாப்புவா நியூ கினியில் வேலை பார்த்த மருத்துவர் பீட்டர் பார்ஸ், அங்கே நான்கு ஆண்டுகளில் காயம்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் இரண்டரை சதவீதம் பேர் தேங்காய் விழுந்து வந்தவர்கள் என்று கணக்கெடுத்து 1984-ல் கட்டுரை எழுதினார். அதற்கு 2001-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது அது. 2010 நவம்பரில் ஒபாமா மும்பை வந்தபோது, அவர் பார்க்கவிருந்த காந்தி நினைவில்லமான மணி பவனைச் சுற்றியிருந்த தென்னைகளில் காய்களை முன்கூட்டியே பறித்துவிட்டார்கள். அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு, தளைக்கயிற்றோடு ஏறிய யாரோ ஒருவர் கையில் இருந்தது. அவர் பெயர் எந்த நாளிதழிலும் வந்ததாகத் தெரியவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகுதான் மரவெட்டுக்காரருக்கு மரியாதை கூடும். "என்னவே, ஆளையே காணும்" என்று பல மாதமாக நிறுத்திவைத்த பாக்கியோடு போன் வரும். வீட்டுக் கூரை மேல் சாய்ந்த மரத்தை அறுப்பது, நின்ற மரத்தை வெட்டுவதைவிட மோசமான வேலை. எந்தப் பக்கம் இழுவிசை இருக்கிறது என்று தெரியாமல் வாளை வைத்தால், அறுபட்ட கட்டை திரும்பி அறுத்தவரையே அடிக்கும். பக்கத்தில் மின்கம்பி இருந்தால் லைனை நிறுத்தியது உறுதியாகும் வரை கத்தியைத் தொடக்கூடாது. இந்த இரண்டு விஷயத்திலும் அனுபவசாலிகள் நக்கல் பேசுவதில்லை.

சட்டப்படி இவர்களுக்கு நஷ்டஈடு இல்லாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பனை சீவுதலும் மரம் வெட்டுதலும் இடம்பெற்றிருந்தன. சிக்கல் எங்கே என்றால், இழப்பீடு தர ஒரு முதலாளி வேண்டும். 'முதலாளி யார்?' என்றால், 'நான்தான்.' 'தொழிலாளி?' 'அதுவும் நான்தான்.' தன் மேல் தானே வழக்குப் போட்டு, இரண்டு பக்கமும் வாய்தா வாங்கலாம். பனைமரத் தொழிலாளர்களுக்கு 2006 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் இருக்கிறது. இரண்டிலும் ஏறுபவர், வேப்பமரத்திலிருந்து விழுந்தால் எந்த வாரியம் என்பதை விழுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

இயந்திரங்களும் வந்துவிட்டன. கேரளத்தின் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் உருவாக்கிய கருவியில் கால் வைத்து, படியேறுவது போலத் தென்னையில் ஏறலாம். கர்நாடகத்தில் கணபதி பட் என்ற விவசாயி, பாக்கு மரத்தில் ஏறும் ஸ்கூட்டரே செய்துவிட்டார். பனைக்கு நல்ல கருவி கண்டுபிடிப்பவருக்கு விருது என்று தமிழ்நாடு அரசும் அறிவித்தது. தேரிப் பனைகளைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரும்: சில நெளிந்து, சில குனிந்து, ஒவ்வொன்றும் ஒரு திசையில் நிற்கின்றன. இயந்திரம் ஏறிவிட்டாலும் பாளையை யார் சீவுவது? இரண்டாம் இயந்திரமா?

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்று பயிற்சி தொடங்கியது. ஆள் வேண்டுமென்றால் கூப்பிட 'ஹலோ நாரியல்' என்ற தொலைபேசிச் சேவையும் உண்டு. 'கேரா சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டில் தொழிலாளி ஆண்டுப் பிரீமியத்தில் ஒரு சிறு பங்கு கட்டினால் போதும். மீதியை வாரியம் கட்டும். சுறா மந்திரவாதியின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. விண்ணப்பத்தில் இவர் மரம் ஏறுபவர்தான் என்று வேளாண் அலுவலரோ ஊராட்சித் தலைவரோ சான்றளிக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகத் தாளோடு போய் நின்றவரிடம், "போடுதேன், போடுதேன். வந்ததுதான் வந்த, அந்தச் செவ்வெளநி மரத்துல நாலு வெட்டிப் போட்டுட்டு வாயேன்" என்று சொல்வார்கள் என்பது இவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் கதை. விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, சட்டையைக் கழற்றிப் பைக்கில் போட்டுவிட்டு, அவர் ஏறுவார்.