புனே மைலேஜும் போரூர் மைலேஜும்

அரைக் கோடி கொடுத்து ஒரு குட்டி சொகுசு எஸ்.யூ.வி. வாங்கினேன். சொன்ன மைலேஜில் பாதிதான் வருகிறது. மீதி எங்கே போச்சு?
(போரூர் வாசகர்)

புனேயில் பத்திரமாக இருக்கிறது! அங்கே, மைலேஜை அளந்து சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பின் சோதனைக்கூடத்தில் கார் நகராது. உருளைகள் மேல் சக்கரம் மட்டும் சுற்றும். உச்ச வேகமே 90 கிலோமீட்டர். ஏ.சி. கிடையாது, குறுக்கே மாடும் வராது. நீங்கள் மே மாதம் ஏ.சி.யை அணைத்துவிட்டு கத்திப்பாராவைக் கடக்கத் தயாரா?

ஒன்று மட்டும் சீரியஸாக: இந்தச் சோதனை ஐரோப்பாவின் பழைய சோதனை முறையைத் தழுவியது. சாலை நிஜத்துக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை என்று ஐரோப்பியர்களே 2017-ல் கடுமையான புது முறைக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள்.

சிக்னலில் நிற்கும்போது சொகுசு காரின் மைலேஜ் என்ன?
(மதுரை வாசகர்)

பூஜ்யம். ஷேர் ஆட்டோவுக்கும் அதேதான். சமத்துவம்!

நெடுஞ்சாலையில் 120-ல் போனால் சீக்கிரம் போய்விடலாமே?
(சேலம் வாசகர்)

எங்கே, பெட்ரோல் பங்க்குக்கா? வேகம் 80-லிருந்து 120 ஆனால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. அதிலும் எஸ்.யூ.வி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிற வண்டி.

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பலாமா?
(கோவை வாசகர்)

பங்க் பில்லை நம்புங்கள். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ்.