வீரருக்கு மாலை, வாசகருக்கு வாரண்ட்

எழுத்தாளனைத் தீர்த்துக்கட்டும் கலையில் ஸ்பானியர்கள் வெறும் கத்துக்குட்டிகள். 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவின் பகும்பாயன் திடலில் பிலிப்பினோ எழுத்தாளர் ஹோசே ரிசாலை நிறுத்தி முதுகில் சுட்டார்கள். வயது 35, தொழில் கண் வைத்தியம், குற்றம் இரண்டு நாவல். சுடும் வரிசையில் பிலிப்பினோ சிப்பாய்கள். அவர்கள் தயங்கினால் அவர்களைச் சுட, பின்வரிசையில் ஸ்பானிய சிப்பாய்கள். நெஞ்சுக்கு நேரே சுடும்படி கேட்டார். துரோகிக்கு முதுகுதான் என்று மறுத்துவிட்டார்கள். ராணுவ மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்தார், சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. பிணத்தைப் பெட்டிகூட இல்லாமல் புதைத்தார்கள். பலன்? இரண்டே வருடத்தில், முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆண்டவர்கள் மூட்டை கட்டினார்கள்.

ஆனாலும் ஸ்பானியர்களை ஒரு விஷயத்தில் மெச்சத்தான் வேண்டும். அவர்கள் ரிசாலைப் படித்தார்கள். 1887-இல் நண்பர் கொடுத்த கடனில் பெர்லினில் 2,000 பிரதி அச்சான 'நோலி மே தாங்கெரே' நாவலை ஸ்பானியத் துறவிகள் வரிவரியாகப் படித்துப் பதறி, தடை கேட்டு ஓடினார்கள். 1891-இல் வந்த 'எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ'வில் தாலெஸ் என்று ஒரு குடியானவன். காடழித்து அவன் பண்படுத்திய நிலத்துக்கு மடம் உரிமை கொண்டாடும். வருடா வருடம் குத்தகையை ஏற்றும். வழக்குப் போட்டால் தோற்கடிக்கும். கடைசியில் அவன் கொள்ளைக்காரனாவான். கற்பனைக்கு ரிசால் அதிகம் சிரமப்படவில்லை. சொந்த ஊரான கலம்பாவில் டொமினிக்கன் சபையின் நிலத்தில் அவர் குடும்பமே குத்தகைதாரர். ராணுவத்தை அனுப்பிக் குடிகளை வெளியேற்றியதை எழுதினாலே நாவல்தான்.

அடுத்து வந்த அமெரிக்கர்கள் விவரமானவர்கள். புரட்சித் தலைவர்களில் பொனிஃபாசியோ ஆயுதம் தூக்கியவர். அகினால்டோ அமெரிக்காவோடே மோதியவர். ரிசாலோ சீர்திருத்தம் கேட்டவர், அதைவிட முக்கியம், ஏற்கெனவே செத்துப்போனவர். இதைவிடத் தோதான வீரர் கிடைப்பாரா? 1901 ஜூனில் ஒரு மாகாணத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில், சுதந்திரம் வேண்டும் என்று பேசுவதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள். அதே ஆண்டில் சமார் தீவில் ஓர் அமெரிக்கத் தளபதி, பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லச் சொல்லி உத்தரவிட்டார். ரிசாலுக்கு மாலை, ரிசால் பேச்சைப் பேசுகிறவனுக்குத் தோட்டா. இந்தச் சூத்திரத்துக்கு இன்றுவரை காப்புரிமை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் வந்த அரசுகள் எல்லாம் திவாலாகியிருக்கும்.

சுதந்திரம் வந்தது. ரிசாலின் நாவல்களை வெட்டாமல் கொள்ளாமல் மாணவர்கள் படிக்க வேண்டும் என்று 1956-இல் செனட்டர் ரெக்டோ மசோதா கொண்டுவந்தார். செத்து 60 வருடமான மனிதருக்கு அஞ்சிக் கத்தோலிக்க ஆயர்கள் சுற்றறிக்கை விட்டார்கள். பள்ளிகளை மூடிவிடுவோம் என்ற மிரட்டலும் எழுந்தது. சட்டம் நிறைவேறியது, மதநம்பிக்கை காரணமாகப் படிக்காமலிருக்க விலக்கோடு. பாதிரியார்களுக்கு அப்போது ஒரு சூட்சுமம் தெரியவில்லை: பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டால் தடைக்கு அவசியமே இல்லை. ரிசாலின் உடன்பிறப்புகள் எத்தனை பேர், காதலி பெயர் என்ன, கோடிட்ட இடத்தை நிரப்பு. தாலெஸின் நிலம் யாரிடம் போனது என்ற கேள்விக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.

அது கேட்கக்கூடாத கேள்வி; கேட்டால் கம்யூனிஸ்ட் முத்திரை விழும். 2021 மார்ச்சில் அன்றைய அதிபர் டுட்டெர்டே, மனித உரிமையெல்லாம் பார்க்காமல் கம்யூனிஸ்டுகளை முடித்துவிடச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மணிலாவுக்கு அருகிலுள்ள மாகாணங்களில் தேடுதல் வாரண்டோடு போலீஸ் நுழைந்தது. ஒரே நாளில் ஒன்பது செயற்பாட்டாளர்கள் பிணம். எதிர்த்துச் சுட்டார்கள் என்று வழக்கமான பல்லவி. பிணம் விழுந்த மாகாணங்களில் ஒன்றின் பெயர் ரிசால். பெயர் வைத்ததோடு கடமை முடிந்துவிட்டதல்லவா!

அதே ஆண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் சில, தம் நூலகங்களிலிருந்து 'ஆபத்தான' நூல்களைப் பொறுக்கி வெளியேற்றின. அரசே கம்யூனிஸ்டுகளின் எதிரே உட்கார்ந்து நடத்திய சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய நூல்களும் அதில் அடக்கம். 2022-இல் பிலிப்பினோ மொழியை வளர்க்க வேண்டிய ஆணையத்திலிருந்தே, ஐந்து புத்தகங்கள் அரசுக்கு எதிரானவை, அச்சிடாதே, விற்காதே என்று ஆணை வந்தது. துறவிகள் இறந்துபோனார்கள் என்று யார் சொன்னது? அங்கியைக் கழற்றிவிட்டு அடையாள அட்டை மாட்டியிருக்கிறார்கள். ஸ்பானியத் துறவிக்காவது ஒரு யோக்கியதை இருந்தது: தான் வெறுத்தவருக்கு அவன் மாலை போடவில்லை.

இவர்களோ டிசம்பர் 30 தவறாமல் கொடியேற்றி வணங்குகிறார்கள். மணிலாவின் லுனெட்டா திடலில் நிற்கும் ரிசால் சிலைக்கு இரவும் பகலும் ஆயுதக் காவல் உண்டு. பின்னால் 49 மாடி அடுக்ககம் எழும்பியபோது, படத்தில் பின்னணி கெடுகிறது என்று உச்ச நீதிமன்றம்வரை வழக்கு நடந்தது; தடுக்கச் சட்டமில்லை என்று 2017-இல் தீர்ப்பானது. நாட்டின் பெருங்கவலை பின்னணி. முன்னணியில் குடியானவன் சாகலாம்.

கடமை தவறாத அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். லுனெட்டா சிலையில் ரிசாலின் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. நிலத்துக்காகப் போராடுகிறவனைக் கொள்ளைக்காரனாக்கும் அரசைத் தோலுரித்தவர் வைத்திருக்கும் புத்தகம். உங்கள் பட்டியல்படி முதல்தரச் சரக்கு. வாரண்ட் எடுத்துக்கொண்டு போய்ப் பறிமுதல் செய்யுங்கள். பயப்படாதீர்கள், எதிர்த்துச் சுட மாட்டார். ஆனால் அறிக்கையில் சுட்டார் என்றே எழுதிக்கொள்ளுங்கள். பழக்கத்தை ஏன் விட வேண்டும்?