நம்பியார் இல்லாத சண்டை

லாஸ் வேகாஸில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேரும். பெரிய போட்டிகள் பெரும்பாலும் ஏழரை மணிக்கு. சனியும் ஏழரையும் இப்படிக் கைகோத்து வந்தால் என்ன ஆகும் என்று எந்த ஜோசியரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டாங்குளத்தூரில் மாடியைக் காலேஜ் பையன்களுக்கு வாடகைக்கு விட்டவன் நான். பொத்தேரியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை நெடுக, மாடி வைத்திருப்பவர்கள் எல்லோருமே ஹாஸ்டல் வார்டன்கள்தான். வாடகை வரும், அதிகாரம் கிடையாது.

தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசத்தான் மேலே போனேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு என்னை நாட்டாமை ஆக்கிவிட்டார்கள். வழக்கு இதுதான்: எவராலும் வெல்ல முடியாத ஒரு சாம்பியன், எதிராளி முன்னால் சீன் போட்டால் சண்டை சுவைக்குமா, கெடுமா?

"சாம்பியன்னா கெத்து காட்டோணுமுங்க அங்கிள்" என்றான் ஈரோட்டுப் பையன். "மூஞ்சிய நீட்டி, அடி பாக்கலாம்னு நிக்கோணும்."

"அடிக்க வந்தவன் அடிச்சிட்டுப் போவ வேண்டியதுதான? எதுக்குல சீன் போடுதான்?" என்று அவனைக் கேட்டான் தூத்துக்குடிப் பையன்.

முதல் குற்றவாளியாக பிரேசில்காரர் ஆண்டர்சன் சில்வாவைக் கூண்டில் ஏற்றினார்கள். அவருக்குக் கூண்டு புதிதல்ல. 2006 அக்டோபரில் யு.எஃப்.சி. என்ற கூண்டுச் சண்டைப் போட்டியில் மிடில்வெயிட் பட்டத்தைப் பிடித்தவர், 2013 ஜூலை வரை அதைக் கையைவிட்டு இறக்கவில்லை. அங்கே தொடர்ந்து 16 வெற்றிகள். இந்தச் சண்டையில் குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரண்டு கழுத்தை நெரிக்கலாம். இத்தனைக்கும் நடுவில் சில்வா இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். 2009 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில், அதற்கு மேல் எடைப் பிரிவின் முன்னாள் சாம்பியன் ஃபாரெஸ்ட் கிரிஃபின் வீசிய குத்துகளைத் தலையை அசைத்தே தப்பவிட்டார். பிறகு பின்னால் நகர்ந்துகொண்டே சின்னதாக ஒரு குத்து. கிரிஃபின் விழுந்தார், முதல் சுற்றிலேயே கதை முடிந்தது. கறியை எடுத்து வைக்கச் சொல்ல வந்த என் மனைவி அந்த வீடியோவைச் சற்று நின்று பார்த்துவிட்டு, "அந்த மனுஷனுக்குத் தோள்பட்டை வலியா?" என்று கேட்டாள்.

சீன் போடுவது நமக்குப் புதிய கலை அல்ல. எம்.ஜி.ஆர். படங்களில் முதல் அடியை வில்லனுக்கு விட்டுக்கொடுப்பதுதான் மரபு. வாத்தியார் அதை வாங்கிக்கொண்டு, உதட்டோர ரத்தத்தைப் புறங்கையால் துடைத்து, ஒரு சிரிப்புச் சிரிப்பார். கொட்டகை இரண்டுபடும். 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டபோது எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். இந்தத் துறையின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரே ஸ்டேடியத்தில் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

வாத்தியாரின் அந்தச் சிரிப்புக்கு மதிப்புக் கொடுத்தது யார்? வில்லன் நம்பியார். அவர் கண்ணை உருட்டி, இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு நின்றால், கடவுளே இன்றைக்கு என்ன ஆகுமோ என்று தரை டிக்கெட்டுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்துக்குத்தான் காசு கொடுத்தோம். நம்பியார் நின்ற இடத்தில் நாகேஷை நிறுத்தி, அவர் முன்னால் வாத்தியார் ரத்தம் துடைத்துச் சிரித்திருந்தால், டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்போம்.

2010 ஏப்ரலில் அபுதாபியில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. எதிராளி டெமியன் மாயா ஜூஜிட்சு மன்னர். தரையில் கிடைத்தால் ஆளை முறுக்கிப் பிழிந்துவிடுவார்; நின்று அடிப்பதில் சில்வாவுக்கு ஈடில்லை. இது தெரிந்த சில்வா ஆடினார், குனிந்தார், கேலி செய்தார், தொட்டுவிட்டு ஓடினார். அடித்து முடிக்கிற வேலையைத்தான் செய்யவில்லை. ஐந்து சுற்று, முழுசாக 25 நிமிஷம். கூட்டம் கூச்சலிட்டது. யு.எஃப்.சி. தலைவர் டேனா ஒயிட் சண்டை முடியும் முன்பே எழுந்து போய்விட்டார். தாலி எடுத்துக்கொடுக்க வேண்டிய பெரியவரே முகூர்த்தத்துக்கு முன் ஆட்டோ பிடித்துக் கிளம்பிய கல்யாணம் மாதிரி, சில்வா ஜெயித்தார்.

அடுத்த சாட்சி, 2013 ஜூலை 6, லாஸ் வேகாஸ், எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கம். எதிரே கிறிஸ் வைட்மன். மல்யுத்தத்திலிருந்து வந்தவர், அதுவரை தோல்வியே காணாதவர். சில்வா வழக்கம்போல் கையைத் தொங்கவிட்டார், முகத்தை நீட்டினார். ஒரு குத்துப் பட்டதும் முழங்கால் தள்ளாடுவது போல நடித்துக் காட்டினார். சிறிது நேரத்தில் வந்த இன்னொரு குத்துக்கு நடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. இரண்டாம் சுற்றில் 1 நிமிஷம் 18 விநாடி; கிட்டத்தட்ட ஏழாண்டு ராஜ்ஜியம் காலி.

அதே அரங்கத்தில்தான் 2001 ஏப்ரலில், கயிற்றுக்கு மேல் குட்டிக்கரணம் அடித்து வளையத்துக்குள் இறங்கும் குத்துச்சண்டைக்காரர் நசீம் ஹமீது, மார்க்கோ அன்டோனியோ பரேராவிடம் தம் ஒரே தோல்வியைச் சந்தித்தார். சீன் போடுபவர்களுக்காகவாவது வாசலில் ஒரு பிள்ளையார் வைக்கலாம். பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யில் ஷபீர் கல்லரக்கல் ஆடிக் காட்டிய டான்சிங் ரோஸுக்கும் நாயகன் கபிலனிடம் இதே கதிதான். ஆனாலும் என் மாடியில் ஜெயித்தவனைவிடத் தோற்ற ரோஸுக்குத்தான் ரசிகர்கள் அதிகம்.

"சில்வா தோத்தது நல்லதுதான்" என்றான் தூத்துக்குடி. "அந்தச் சண்டையத்தானுங்க திரும்பத் திரும்பப் பாக்கறோம்" என்றான் ஈரோடு. அபுதாபிச் சண்டையை யாராவது இரண்டாம் தடவை போட்டுப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். இருவரும் அவசரமாக ஃபோனை எடுத்துக்கொண்டார்கள்.

இனித் தீர்ப்பு சுலபம். கிரிஃபினிடம் சில்வா போட்ட சீன் இனித்ததற்குக் காரணம், அந்தக் கனத்த கை ஒரு தடவை பட்டிருந்தாலும் கணக்கு மாறியிருக்கும் என்பதுதான். மாயாவிடம் புளித்ததற்குக் காரணம், அங்கே பயப்பட ஒன்றும் இல்லை. வைட்மன் சண்டை காலத்துக்கும் நிற்கும். அங்கே பயம் பலித்துவிட்டது. ஆகவே சாம்பியன் தாராளமாகச் சீன் போடலாம். அதற்கு விழும் கைதட்டலில் பாதி, எதிரே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவருக்குச் சேர வேண்டியது. அடுத்த பெரிய சண்டைக்குச் சந்தா கட்டும் முன், சாம்பியன் யார் என்று பார்த்து ஏமாறாதீர்கள். நம்பியார் யார் என்று விசாரியுங்கள்.