கொலம்பசுக்கு விசுவாசமான பட்டியல்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியலைப் போல் சொன்ன சொல் மாறாத ஒன்றைக் காண்பது அரிது. 1492இல் கரீபியத் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்கிருந்த மக்களை இந்தியர் என்றார். அது பிழை என்று உலகமே அறிந்த பிறகும் பட்டியல் அவரைக் கைவிடவில்லை. 1898இல் தொடங்கி நூறாண்டுக்கும் மேலாக ‘இந்தியன்ஸ்’ அமெரிக்கப் பழங்குடிகளுக்கே உரிய தலைப்பாக இருந்தது. இந்தியாவிலிருந்து கடல் கடந்தோருக்கு ‘ஈஸ்ட் இந்தியன்ஸ்’ என்று வேறு பெயர் சூட்டினார்கள். மலேசியாவின் குளுவாங் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவும், ஸ்கூடாயில் பொறியியல் படிக்கும் பேத்தியும் வாஷிங்டனின் கணக்கில் கிழக்கு இந்தியர்கள். தாம் யாரென்று தெரிந்துகொள்ள அவர்கள் எங்கும் அலைய வேண்டாம்.

அதே நூலகத்தின் பகுப்புமுறை அலமாரியில் காட்டும் ஒற்றுமையும் பெரிது. வடமொழியும் இந்தியும் பிகே வகுப்பில் ஈரானிய மொழிகளோடு இருக்க, தமிழ் சீனம், ஜப்பானியம், ஆப்பிரிக்க மொழிகள் ஆகியவற்றோடு பிஎல் வகுப்பில் நிற்கிறது. தமிழ் 4751இல், மலாய் 5101இல். அரசியல் மேடைகள் கேட்கும் இன ஒற்றுமை எண் வரிசையிலேயே கைகூடிவிட்டது.

சொல்லை அள்ளி இறைக்காத பட்டியலின் சிக்கனத்தையும் பாராட்ட வேண்டும். நூல் ஒன்று கைக்கு வந்து கேட்டால்தான் புதிய தலைப்பு பிறக்கும். நாவல்களுக்குப் பொருள் தலைப்பு தருவதில் இன்னும் கண்டிப்பு. மலேசியத் தோட்டப்புற வாழ்க்கையோ பெரும்பாலும் நாவலிலும் சிறுகதையிலும்தான் பதிவாகியிருக்கிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயக்கொட்டகை, கங்காணியின் அதட்டல் எல்லாம் அங்கேதான். ஆகவே, தோட்ட வரலாறு தேடி வரும் மாணவர் கண்ணில் அவை பட்டு அவருடைய ஆய்வைக் குழப்பும் அபாயம் குறைவு.

பட்டியலுக்குப் பொறுமையும் உண்டு. ‘இல்லீகல் ஏலியன்ஸ்’ என்ற தலைப்பு மனிதரை இழிவுபடுத்துகிறது என்று 2014இல் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் முறையிட்டார்கள். 2021இல் மாற்றம் வந்துவிட்டது, ஏழே ஆண்டுகள்.

நம் நூலகத் துறையினர் பெரியோரை மதிக்கத் தெரிந்தவர்கள். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு பொருளை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, தொழிலாளி, பால்வெட்டு, ஜொகூர், 1930கள் என்று கோக்கும் வழி அது. தோட்ட வரலாறு தேடும் அந்த மாணவருக்குத் தேவையானதும் அதுதான். ரங்கநாதனின் பெயரைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள், படத்துக்கு மாலை போடுகிறார்கள். அலமாரியை மட்டும் வாஷிங்டனிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அந்தப் பட்டியல் தாராளமானதும்கூட. எந்த நாட்டு நூலகமும் புதிய தலைப்பை முன்மொழியலாம். அந்தச் சொல் வழங்கும் நூலைச் சான்றாகக் காட்ட வேண்டும். பெரட்டுக்கும் ஆயக்கொட்டகைக்கும் சான்று நம் நாவல்களில் நிறையவே கிடக்கிறது. அந்த நாவல்களைத்தான் தலைப்பில்லாமல் அடுக்கி வைத்திருக்கிறோம். அவ்வளவு பத்திரம், யாருடைய கையும் படாது.