சமத்தில் ஆளில்லை

தி. நகர் ரசிகருக்கு ஒரு வியாதி உண்டு. மேடையில் இருப்பவர் எழுபதைத் தாண்டிவிட்டால், எதிரே நடக்கும் கச்சேரி அவர் காதில் விழாது. “அறுபத்தெட்டுல இதே காம்போதியை இவர் பாடிக் கேட்டிருக்கணும்” என்று பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். அறுபத்தெட்டில் இந்த ரசிகருக்கு வயது மூன்று. வாணி மகாலிலும் கிருஷ்ண கான சபாவிலும் கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் இப்படி நாலு பேரைச் சந்தித்துவிடலாம்.

ஜமைக்கா சங்கீதம் கேட்கிறவர்களையும் இதே வியாதி பிடித்து ஆட்டுகிறது. அங்கேயும் அறுபத்தெட்டுதான். டூட்ஸ் அண்ட் த மேய்டல்ஸ் என்ற குழு, ரெகே என்ற பெயரைப் பாட்டின் தலைப்பிலேயே வைத்து இசைத்தட்டு வெளியிட்ட வருடம் அது. அதன் பிறகு அவர்கள் எது பாடினாலும் “அந்தக் காலத்து மேய்டல்ஸ் மாதிரி வருமா!” என்று பெருமூச்சு விட ஆள் இருக்கிறது. நானோ அவர்களுடைய கடைசி ஆல்பத்தை, 2020 ஆகஸ்டில் வந்த ‘காட் டு பி டஃப்’பை, உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டில் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழு என்று பெயரே தவிர, தொடக்கத்தில் கூடப் பாடிய இரண்டு பேரும் எப்போதோ விலகிவிட்டார்கள். அண்ணன் மட்டும் வந்து உட்கார்ந்து பாடுகிற சகோதரர்கள் கச்சேரி இது. அந்த அண்ணன் டூட்ஸ் ஹிப்பர்ட், 1942-இல் மே பென் என்ற ஊரில் பிறந்தவர், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். பத்து வருட இடைவெளிக்குப் பிறகு, எழுபத்தேழு வயதில், பத்துப் பாட்டு. டிரம்ஸில் ஸ்லை டன்பர். பாப் மார்லியின் பாட்டு ஒன்றை மார்லியின் மகன் ஸிக்கியோடு சேர்ந்து பாடியிருக்கிறார். அதில் தாளம் தட்ட பீட்டில்ஸ் ரிங்கோ ஸ்டாரே வந்திருக்கிறார்.

ரெகேயில் பேஸ் கிட்டார்தான் வீட்டுப் பெரியவர். அவர் பேசி முடித்த இடைவெளியில்தான் மற்ற வாத்தியங்கள் வாயைத் திறக்கும். எங்கள் வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் ஜதி சொல்லும். கீழ்வீட்டு அம்மாள் மோட்டாரைத்தான் யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்று மாடிக்கு ஏறி வந்தார். என் மனைவியின் விமரிசனம் சுருக்கமானது: “அரை மணி நேரமா ஒரே பாட்டுதான் ஓடுதா, இல்ல மாறிச்சா?”

வினை மாமாவோடு வந்தது. மாமா, அதாவது மனைவியின் சித்தப்பா, டிசம்பரில் சபாவிலேயே குடியிருப்பவர். எந்த ஒலி கேட்டாலும் கை தானாகத் தொடைக்குப் போய்விடும். ஆதி தாளத்தைத் தெளிவாகப் போட ஆரம்பித்தார். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மூன்றாவது ஆவர்த்தத்தில் நெற்றி சுருங்கியது.

“மாப்பிள்ளை, இதுல சமம் எங்க இருக்கு?”

நியாயமான கேள்வி. ரெகேயின் பழைய இலக்கணத்துக்கு ‘ஒன் டிராப்’ என்று பெயர். நாலு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கைக்கு டிரம்ஸ் வாயே திறக்காது. மூன்றாவதில்தான் அடி இறங்கும். கிட்டாரோ எண்ணிக்கைகளுக்கு நடுவே சுருக் சுருக்கென்று வெட்டிக்கொண்டிருக்கும். மாமா சமத்தில், அதாவது முதல் எண்ணிக்கையில், ஓங்கித் தட்டுகிறார், அங்கே வரவேற்க ஆளில்லை. “ஒன்றரை இடம் தள்ளி எடுக்கிற கீர்த்தனை எத்தனையோ இருக்கே மாமா” என்றேன். “அதுல எடுப்புதான் தள்ளும். சமம் அதே இடத்துலதான் உக்காந்திருக்கும்” என்றார். ‘ரோஜா’வில் மின்மினி பாடிய பாட்டின் அடியில் ஓடுவதும் இந்தத் துள்ளல்தான் என்று சொல்லிப் பார்த்தேன். 1992-ஐ அவர் ‘நேத்திக்கு’ என்கிற கணக்கில் வைத்திருப்பதால் சாட்சி செல்லவில்லை.

ஆனால் கையை எடுத்துவிட்டுக் காதை வைத்ததும் ஆள் மாறிவிட்டார். டூட்ஸ் ஒரு வரியின் கடைசியில் நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டாமல், சொல்லைப் போட்டுவிட்டு பேஸை ஓடவிட்டார். பிறகு ஒரு கரகரப்பு, ஓர் அதட்டல். மாமா ஒரு விரலைத் தூக்கினார். “பாத்தீங்களா, மேல் ஷட்ஜத்துக்குப் போகல. போன மாதிரி காட்டிட்டார். இதுக்குத்தான் ஐம்பது வருஷம் பாடணும்.”

நான் சொல்ல நினைத்ததும் அதேதான். இளம் டூட்ஸிடம் மூச்சு இருந்தது, வாரி இறைத்தார். கிழவர் டூட்ஸ் இருக்கிற மூச்சை எங்கே வைப்பது என்று தெரிந்து வைக்கிறார். முதல் எண்ணிக்கையைக் காலியாக விடுகிற சங்கீதத்தில், எதைப் பாடாமல் விடுவது என்று தெரிந்த தொண்டைக்குத்தான் மவுசு. பழைய ரெக்கார்டோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறவர்களுக்கு இது அகப்படாது.

குஷியில் அவர் கதையையும் சொன்னேன். 2013-இல் அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு பாட்டில் பறந்து வந்து தலையில் அடித்தது. அதன் பின் மூன்று வருடம் மேடையேறவில்லை. எறிந்தவன் பத்தொன்பது வயதுப் பையன். அவனுக்குக் கருணை காட்டும்படி நீதிபதிக்கு டூட்ஸே கடிதம் எழுதினார். மாமாவுக்குக் கடிதத்தைவிடப் பாட்டில்தான் ஆச்சரியம். “நம்ம ஊர்ல பிடிக்கலேன்னா தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போவோம். அவ்வளவுதான்.”

“இப்ப எங்க பாடறார்?” என்று அடுத்து கேட்டார். டிசம்பரில் வந்தால் டிக்கெட் எடுத்துவிடுவார் போலிருந்தது. ஆல்பம் வெளியாகி இரண்டே வாரத்தில், செப்டம்பர் 11 அன்று, டூட்ஸ் காலமானதைச் சொன்னேன். அடுத்த மார்ச்சில் சிறந்த ரெகே ஆல்பத்துக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஓகோ! போனப்பறம் கொடுக்கிற சம்பிரதாயம் அங்கேயும் இருக்கா? அப்ப அது நல்ல சங்கீதமாத்தான் இருக்கணும்.”